தொலைக்காட்சிக்கு ஏற்ற வடம் எது?

மின்பொருட்கடைகளின் சுவரிலே சுருண்டு தொங்கும் வடங்களைக் கண்டு மலைத்து நிற்போர் பலர். ஒரு வடம் பதினைந்து வெள்ளி. அதனருகே தொங்கும் மற்றொன்று நூற்றைம்பது வெள்ளி. இரண்டின் முனைகளும் ஒன்றுபோலவே இருக்கின்றன. மஞ்சள், சிவப்பு, வெள்ளை என மூன்று தலைகளையுடைய வேறொரு வடம் மூலையில் தூசு படிந்து கிடக்கின்றது. புதிய தொலைக்காட்சிப் பெட்டி வாங்கிய குடும்பத் தலைவரும், பெற்றோர் ஆசிரியர் சங்கத்தின் பணத்தில் பள்ளிக்குப் பெட்டி வாங்க வந்த ஆசிரியரும் இவ்விடத்தில் கேட்கும் கேள்வி ஒன்றே: எதை வாங்குவது?

கடைக்காரர் பெரும்பாலும் விலை கூடியதையே எடுத்துக் காட்டுவார். அவரைக் குறைகூறிப் பயனில்லை. விற்பது அவர் தொழில். வாங்குவோர்தாம் பொருளின் தன்மையை அறிந்திருத்தல் வேண்டும். அங்ஙனம் அறிவதற்குப் பொறியியற் கல்வி வேண்டுவதில்லை. பழந்தமிழ் நூல்கள் ஓலையிலிருந்து ஓலைக்குப் படியெடுக்கப்பட்டு வந்த வரலாற்றை அறிந்த தமிழாசிரியர் எவரும் இதனை எளிதில் விளங்கிக்கொள்வர்.

இரு சொற்கள்

வடங்களை அனலாக் என்றும் டிஜிட்டல் என்றும் இரு வகையாகப் பிரிப்பர். அனலாக் என்பது விகிதம், ஒப்பு என்னும் பொருளுடைய கிரேக்கச் சொல்லினின்றும் பிறந்தது. டிஜிட்டல் என்பதன் வேர், இலத்தீன் மொழியில் விரலைக் குறிக்கும் சொல். விரல்விட்டு எண்ணும் வழக்கம் உலகெங்கும் உண்டாகையால், விரலின் பெயரே பிற்காலத்தில் எண்ணுக்கும் ஆகிவந்தது. சிங்கப்பூர், மலேசிய நாளிதழ்கள் இதனை மின்னிலக்கம் என்று எழுதுவது பொருத்தமான ஆக்கமேயாகும். இலக்கம் என்பது எண்ணேயன்றோ? ஈண்டு முன்னதை ஒப்புமுறை என்றும், பின்னதை இலக்கமுறை என்றும் வழங்குவது வசதியாக இருக்கும்.

ஒப்புமுறையில், படத்தின் ஒளி கூடக்கூட வடத்தில் செல்லும் மின்னழுத்தமும் கூடுகின்றது. ஒளி குறையக் குறைய அதுவும் குறைகின்றது. ஒன்றுக்கொன்று நிழல்போல் ஒத்துச் செல்வதால் அது ஒப்புமுறையாயிற்று. முழுக் கருமைக்கும் முழு வெண்மைக்கும் இடையேயுள்ள வேறுபாடு 0.7 வோல்ட்டு மட்டுமே. இந்தச் சிறிய இடைவெளிக்குள் நூற்றுக்கணக்கான சாயல்கள் அடங்கவேண்டும் என்பதை நினைவிற் கொள்ளல் நன்று. இலக்கமுறையிலோ, படம் முதலில் புள்ளிகளாகப் பகுக்கப்பட்டு, ஒவ்வொரு புள்ளியின் நிறமும் எண்ணாக மாற்றப்படுகின்றது. அவ்வெண்கள் 0, 1 என்னும் இரு குறிகளால் எழுதப்பட்டு வடத்தின் வழியே அனுப்பப்படுகின்றன. பெறும் பெட்டி, வந்தது 0-ஆ 1-ஆ என்று மட்டும் தீர்மானித்தாற் போதும்.

ஓவியப் படியும் ஓலைப் படியும்

ஓர் ஓவியர் தீட்டிய உருவத்தைப் பார்த்து மற்றொருவர் வரைகின்றார் எனக் கொள்வோம். அவர் வரைந்ததைப் பார்த்து மூன்றாமவர் வரைகின்றார். ஒவ்வொரு கையிலும் மூக்கு சிறிது நீளும். கண் சிறிது சாயும். பத்தாவது படியைக் காண்போர்க்கு மூல ஓவியத்தின் சாயல் ஓரளவே தெரியும். இடையில் எவரும் பெரும்பிழை செய்யவில்லை. ஆயினும் ஒவ்வொருவரின் சிறுபிழையும் அடுத்தவர்க்குச் சொத்தாகப் போய்ச் சேர்ந்துவிட்டது. ஒப்புமுறை வடத்தில் நிகழ்வது இதுவே. அருகில் ஓடும் மின்கம்பியின் இரைச்சலும், வடத்தின் நீளத்தால் ஏற்படும் தேய்வும், தளர்ந்த முனையின் துருவும் படத்தோடு படமாகக் கலந்துவிடும். எது படம், எது இரைச்சல் என்று பிரித்தறிய வழியில்லை.

ஓலைச்சுவடியின் நிலை வேறு. எழுதியவரின் கை எவ்வளவு கோணலாயினும், அடுத்துப் படியெடுப்பவர் 'இஃது அகரம்' என்று அறிந்துகொண்டால் போதும். அவர் தம் கையால் செம்மையான அகரத்தையே எழுதுவார். முன்னவரின் கோணல் அங்கேயே நின்றுவிடும். இலக்கமுறையின் வலிமை முழுவதும் இதில் அடங்கியிருக்கின்றது. வழியில் மின்குறி நலிந்தாலும், 0 என்றும் 1 என்றும் பிரித்தறியும் அளவுக்கு எஞ்சியிருந்தால், பெட்டியில் தோன்றும் படம் மூலத்தோடு ஓர் அணுவும் வேறுபடாது.

ஆனால் ஓலைக்கும் ஓர் எல்லை உண்டு. ஓலை கிழியும் என்பதால் புள்ளியிடாது எழுதும் வழக்கம் இருந்தது. ஆதலின் 'கல்' என்பதும் 'கல' என்பதும் ஒரே தோற்றம் பெற்றன. காலும் ரகரமும் மயங்கின. 'எரி' எது, 'ஏரி' எது என்று இடம்நோக்கியே துணியவேண்டியிருந்தது. எழுத்தைப் பிரித்தறியும் அடையாளம் மறைந்துவிட்டால், சொல் மங்கலாகத் தெரிவதில்லை. வேறு சொல்லாகவே மாறிவிடுகின்றது. இலக்கமுறை வடமும் அவ்வாறே. அதன் படம் படிப்படியாக மங்குவதில்லை. எல்லை வரை முழுமையாக இருக்கும். எல்லையைக் கடந்தவுடன் திரையில் வெண்பொறிகள் தெறிக்கும், படம் விட்டுவிட்டு மறையும், இறுதியில் இருள் சூழும். சுவடிகளைப் பதிப்பித்த சான்றோர்க்கு ஒரு நூலின் பல படிகளை ஒப்புநோக்கும் வாய்ப்பேனும் இருந்தது. நொடிக்குப் பல கோடிக் குறிகளைப் பெறும் தொலைக்காட்சிப் பெட்டிக்கு அந்த ஓய்வு ஏது?

கம்பிக்குச் சாதி இல்லை

இங்கே ஒன்றைத் தெளிவுபடுத்துதல் வேண்டும். செம்புக் கம்பி தன்னளவில் ஒப்புமுறையும் அன்று, இலக்கமுறையும் அன்று. அதன்வழிச் செல்லும் குறியே இவ்விரு வகைப்படும். இதற்கு நல்ல சான்று வீட்டுக் கூரையிலிருந்து இறங்கும் அன்டெனா வடம். 1963-ஆம் ஆண்டில் சிங்கப்பூரிலும் கோலாலம்பூரிலும் தொடங்கிய ஒப்புமுறைத் தொலைக்காட்சி ஒளிபரப்பு, 2019-ஆம் ஆண்டில் இரு நாடுகளிலும் நிறுத்தப்பட்டு, இலக்கமுறை ஒளிபரப்பே நிலைத்தது. அப்பொழுது நல்ல நிலையிலிருந்த பழைய அன்டெனா வடத்தை எவரும் பிடுங்கி எறிய வேண்டியதில்லை. அதே 75 ஓம் வடம் அன்று ஒப்புமுறைக் குறியைச் சுமந்தது. இன்று இலக்கமுறைக் குறியைச் சுமக்கின்றது.

மாறியது படத்தின் போக்குத்தான். முன்னாளில் தோட்டப்புற வீடுகளில் ஒருவர் வெளியே நின்று அன்டெனாக் கம்பத்தைத் திருப்ப, உள்ளிருப்பவர் 'இன்னும் கொஞ்சம், இன்னும் கொஞ்சம், போதும்!' என்று கூவுவது வழக்கமான காட்சி. திரையில் பனி பெய்வதுபோல் வெண்புள்ளிகள் விழும். மலையில் மோதித் திரும்பிய அலையால் செய்தி வாசிப்பவரின் அருகே அவருடைய ஆவிபோல் இரண்டாவது உருவம் ஒன்றும் நிற்கும். எனினும் செய்தியைக் கேட்டுவிடலாம். இன்றோ, குறி போதிய அளவு வந்தால் படம் கண்ணாடிபோல் இருக்கும். வராவிட்டால் கட்டம் கட்டமாகச் சிதறி உறைந்துவிடும். துணைக்கோள்வழித் தொலைக்காட்சி பார்ப்போர் கனமழையின்போது கண்டு சலிப்பதும் இதனையே.

அங்ஙனமாயின் வடங்கள் ஏன் இத்தனை வகையாயின? ஒவ்வொரு குறிக்கும் வேண்டும் இழைகளின் எண்ணிக்கையும், வேகமும், இரைச்சலைத் தடுக்கும் உறையும் வேறுபடுவதே காரணம்.

மஞ்சள் தலை வடமும் அதன் உறவினரும்

ஒப்புமுறை வடங்களுள் நன்கு அறிமுகமானது மஞ்சள் தலையுடையது. படம் முழுவதும் மஞ்சள் தலையின் ஒரே இழையில் செல்லும். சிவப்பும் வெள்ளையும் வலப்புற, இடப்புற ஒலிக்குரியவை. மலேசியாவும் சிங்கப்பூரும் பின்பற்றிய பால் முறையில் ஒரு படத்துக்கு 625 கோடுகள். அவற்றுள் கண்ணுக்குத் தெரிபவை 576. மஞ்சள் வடத்தால் இதற்கு மேற்பட்ட நுணுக்கத்தைத் தர இயலாது. பெட்டி எத்துணைப் பெரிதாயினும், விலை எத்துணை உயர்ந்ததாயினும் இந்த வரம்பு மாறாது.

இதற்கு மற்றொரு குறையும் உண்டு. வண்ணத் தொலைக்காட்சி சிங்கப்பூருக்கு 1974-இலும் மலேசியாவுக்கு 1978-இலும் வந்தது. அவ்வண்ண முறையை வகுத்தோர், மக்கள் ஏற்கெனவே வாங்கிவைத்திருந்த கறுப்பு வெள்ளைப் பெட்டிகளும் தொடர்ந்து பயன்படவேண்டும் என்று எண்ணினர். நல்லெண்ணந்தான். ஆகவே ஒளிக்குறிக்குள்ளேயே, நொடிக்கு 4.43 மில்லியன் முறை அதிரும் ஓர் அலையின்மேல் ஏற்றி, வண்ணத்தையும் செருகினர். ஒரே வீட்டில் இரு குடும்பங்களைக் குடிவைத்தாற்போன்ற ஏற்பாடு இது. பெட்டியால் இரண்டையும் முற்றாகப் பிரிக்க முடிவதில்லை. நெருங்கிய கோடுகளுள்ள சட்டையை அணிந்தவர் திரையில் தோன்றும்போது அக்கோடுகளின்மேல் இல்லாத வானவில் நெளிவதையும், செந்நிற எழுத்துகளின் ஓரங்களில் புள்ளிகள் எறும்புபோல் ஊர்வதையும் பலர் கண்டிருப்பர். பெட்டி பழுதாகிவிட்டது என்று எண்ணிச் செலவு செய்தோரும் உண்டு. பழுது பெட்டியில் அன்று. ஒளியும் நிறமும் ஒரே இழையில் வந்ததன் விளைவு.

எஸ்-வீடியோ என்னும் வடம் ஒளியையும் நிறத்தையும் இரு இழைகளில் பிரித்து அனுப்பி இக்குறையை நீக்கியது. காம்பொனென்ட் எனப்படும் பச்சை, நீலம், சிவப்புத் தலைகளையுடைய வடம் அதனினும் மேம்பட்டு, 1080 கோடுகள் வரை சுமக்க வல்லது. இதன் சிவப்புத் தலையை ஒலிக்குரிய சிவப்போடு மயங்குதல் எளிது. கணினிகளில் 1987 முதல் வழங்கிய, 15 ஊசிகளையுடைய விஜிஏ வடமும் ஒப்புமுறையே. அதில் ஒலி செல்லாது.

பத்தொன்பது முனைகள்

இலக்கமுறை வடங்களில் இன்று வீடுதோறும் காணப்படுவது எச்டிஎம்ஐ. சோனி, பிலிப்ஸ், தோஷிபா முதலிய நிறுவனங்கள் கூடி வகுத்த இதன் முதல் விதிமுறை 2002-ஆம் ஆண்டின் இறுதியில் வெளிவந்தது. ஒரே முனையில் 19 தொடுகம்பிகள். படமும் ஒலியும் ஒருங்கே செல்லும். இதற்குச் சற்று முன்னர், 1999-இல், கணினிகளுக்கென வந்த டிவிஐ இதன் தமையன் எனலாம்.

இவ்வடம் சுமக்கும் சுமையைச் சிறு கணக்கால் உணரலாம். ஆறாம் ஆண்டு மாணவரும் இதனைப் போட்டுப் பார்க்கலாம். முழு உயர்தெளிவுத் திரையில் குறுக்கே 1,920 புள்ளிகள், நெடுக்கே 1,080 புள்ளிகள். இவற்றைப் பெருக்க 2,073,600. ஒவ்வொரு புள்ளிக்கும் சிவப்பு, பச்சை, நீலம் ஆகியவற்றுக்கு எட்டெட்டாக 24 குறிகள். நொடிக்கு 60 படங்கள். ஆக, நொடிக்கு ஏறத்தாழ 3 பில்லியன் குறிகள்! படங்களுக்கு இடையே விடும் இடைவெளியும், பிழை குறைப்பதற்காக எட்டுக் குறிகளைப் பத்தாக விரித்து அனுப்பும் முறையும் சேர, வடத்தில் ஓடுவது ஏறத்தாழ 4.5 பில்லியன். நான்கு மடங்கு புள்ளிகளையுடைய 4கே படத்துக்கு இது 18 பில்லியனை நெருங்குகின்றது.

வடத்தின் உறையில் பார்க்கவேண்டியது இந்தச் சுமைதாங்கும் ஆற்றலையே. ஹை ஸ்பீடு என்று குறிக்கப்பட்டது நொடிக்கு 10.2 பில்லியன் குறிகளைத் தாங்கும்; பிரீமியம் ஹை ஸ்பீடு 18 பில்லியன்; அல்ட்ரா ஹை ஸ்பீடு 48 பில்லியன். பின்னிரண்டுக்கும் சோதனைச் சான்று வில்லை உறையில் ஒட்டப்பட்டிருக்கும். '2.0 வடம்', '2.1 வடம்' என்று எழுதுவது முறையன்று; அவ்வெண்கள் விதிமுறையின் பதிப்பைக் குறிப்பனவேயன்றி வடத்தின் வகையை அல்ல. சாதாரண முழு உயர்தெளிவுப் பெட்டிக்கு ஹை ஸ்பீடு வடமே தாராளம். 4கே பெட்டிக்குப் பிரீமியம் போதும். புதுவகை விளையாட்டுக் கருவிகளை நொடிக்கு 120 படங்களோடு ஆடுவோர்க்கே அல்ட்ரா வேண்டற்பாலது.

இனி, நூற்றைம்பது வெள்ளி வடத்துக்கு வருவோம். அதனால் நிறம் செழிக்கும், கருமை ஆழும், முகம் பொலியும் என்று விளம்பரம் கூறும். சுவடியுவமையை நினைப்போர் இதனை நம்பார். 0 என்று அனுப்பியது 0 என்றே வந்துசேர்ந்தபின், அதனைவிடச் செம்மையான 0 எங்கிருந்து வரும்? பதினைந்து வெள்ளி வடம் குறிகளைப் பிழையின்றிச் சேர்த்தால், இரண்டும் தரும் படம் ஒன்றே. முனையில் பூசிய தங்க முலாம் துருவைத் தடுக்கும். ஈரக்காற்று மிகுந்த இந்நாடுகளில் அது வேண்டியதுதான். ஆயினும் மலிவான வடங்களிலும் அம்முலாம் மெல்லியதாகப் பூசப்பட்டே வருகின்றது. தங்கம் என்றால் தமிழர் மனம் இளகும் என்பதை வணிகர் அறிவர்.

விலை கூடிய வடத்துக்குப் பொருள் உண்டாவது நீளத்தில். ஏறத்தாழ 5 மீட்டருக்குள் நல்ல சாதாரண வடம் தடுமாறுவதில்லை. பள்ளி மண்டபத்தின் பின்புறமிருந்து மேடைமேல் தொங்கும் படவீழ்த்திக்கு 15 மீட்டர் இழுக்கவேண்டுமாயின், செம்பு தளர்ந்துவிடும். அங்கே குறியை வலுப்படுத்தும் மின்னணு உறுப்பு பொருத்தியதோ, கண்ணாடியிழையால் ஆனதோ வாங்குதல் வேண்டும். அத்தகைய வடத்துக்குத் திசை உண்டு: ஒரு முனை கருவிக்கும் மறுமுனை திரைக்கும் உரியது. மாற்றிச் செருகினால் படம் வாராது. கூரைக்குள் புதைத்துவிட்டுப் பிறகு இதனைக் கண்டறிவது பெருந்துன்பம். புதைக்குமுன் தரையிலேயே கிடத்திச் சோதித்துக்கொள்வது நன்று.

எச்டிஎம்ஐ வடத்தைச் செருகியபின்னும் படம் மங்கலாகவோ வெளிறியோ இருப்பின், வடத்தைக் குறைகூறல் ஆகாது. கருவியின் அமைப்பில் படத்தின் தெளிவு குறைவாக வைக்கப்பட்டிருக்கும். அன்றிக் கருவியும் பெட்டியும் கருமை வெண்மை எல்லைகளில் ஒத்துப்போகாதிருக்கும். வடத்தின் குறை பொறியாகவும் மறைவாகவும் தோன்றுமேயன்றி, மங்கலாகத் தோன்றாது.

எதற்கு எது?

கருவியிலும் பெட்டியிலும் எச்டிஎம்ஐ துளை இருந்தால் அதனையே பயன்படுத்துக. டிவிடி வட்டில் பதிந்திருப்பது இலக்கமே; இன்றைய தட்டைத் திரையும் இலக்கத்தாலேயே இயங்குவது. இடையில் மஞ்சள் வடத்தைச் செருகுவது, அச்சிட்ட நூலை ஓவியமாக வரைந்து அனுப்பி, அவ்வோவியத்தைப் பார்த்து மீண்டும் அச்சுக்கோப்பது போன்ற வீண்வேலை. புளூ-ரே கருவிகளுக்கோ வேறு வழியே இல்லை. காப்புரிமைப் பாதுகாப்புக்காக, 2013-ஆம் ஆண்டுக்குப்பின் செய்யப்பட்டவற்றில் ஒப்புமுறைப் பட வெளியீடு விலக்கப்பட்டுவிட்டது.

பழைய குழாய்த் திரைப் பெட்டி நல்ல நிலையில் இருந்தால் அதற்கு மஞ்சள் வடமே இயல்பானது. அதற்கு வேண்டிய இலக்கமுறைப் பெறுகருவியை வாங்கும்போது மஞ்சள், சிவப்பு, வெள்ளைத் துளைகள் பின்புறம் உள்ளனவா என்று பார்த்தாற் போதும். புதிய பெட்டிகள் பலவற்றில் இம்மூன்றும் ஒரே சிறு வட்டத்துளையாகச் சுருங்கிவிட்டன. அதற்குரிய இணைப்புவடம் பெட்டியோடு வந்ததாக இருத்தல் நலம். கடையில் வாங்கியதில் இழைகளின் வரிசை வேறுபடலாம். படம் வாராவிட்டால் மஞ்சளைச் சிவப்பிலும் வெள்ளையிலும் மாற்றிச் செருகிப் பார்க்கலாம், அதனால் கேடில்லை.

ஒருபுறம் எச்டிஎம்ஐ முனையும் மறுபுறம் மூன்று வண்ணத் தலைகளும் வெறும் கம்பியால் இணைக்கப்பட்ட வடமொன்று மலிவாக விற்கப்படுகின்றது. பணத்தை வீணாக்க இதனினும் குறுக்குவழி இல்லை. எண்ணை அலையாகவும் அலையை எண்ணாகவும் மாற்றுவதற்கு மின்சாரத்தால் இயங்கும் மாற்றி வேண்டும். அதிலும் இரு வகை உண்டு. எச்டிஎம்ஐயிலிருந்து மஞ்சளுக்கு மாற்றுவது ஒன்று, மஞ்சளிலிருந்து எச்டிஎம்ஐக்கு மாற்றுவது மற்றொன்று. ஒன்று மற்றொன்றின் வேலையைச் செய்யாது. மாற்றியால் படம் தெளிவடையும் என்று எதிர்பார்ப்பதும் தவறு. மங்கிய ஓவியத்தை எழுத்தால் வருணித்தால் மங்கலே வருணிக்கப்படும்.

பேழையில் உறங்கும் நாடாக்கள்

மஞ்சள் வடத்தை மூலையில் எறிந்துவிடக்கூடாது என்பதற்கு வலுவான காரணம் ஒன்று உண்டு. பல பள்ளிகளின் பேழைகளிலும் வீடுகளின் மேல்தட்டுகளிலும் விஎச்எஸ் ஒளிநாடாக்கள் அடுக்கப்பட்டுள்ளன. பள்ளி ஆண்டுவிழா நாடகங்கள், ஓய்வுபெற்ற ஆசிரியரின் பிரிவுபசாரம், பிற்காலத்தில் இடம் மாறிய அல்லது மூடப்பட்ட தோட்டப்பள்ளியின் கடைசி விளையாட்டுப் போட்டி ஆகியன அவற்றிலேயன்றி வேறெங்கும் பதிவாகியிருக்கவில்லை. அவை ஒப்புமுறைப் பதிவுகள். நாடாவிலிருந்து நாடாவுக்குப் படியெடுத்தால் மேற்சொன்ன ஓவியக் கதைதான். மூன்றாம் படியில் முகம் அடையாளம் தெரியாது. படியெடுக்காது வைத்தாலும் காந்தப்பூச்சு ஆண்டுதோறும் நலிந்துகொண்டே இருக்கும். இயக்கும் கருவியோ அரிதாகிவருகின்றது. உலகில் அவற்றைக் கடைசிவரை செய்துவந்த ஜப்பானிய நிறுவனமான புனாய், 2016-ஆம் ஆண்டு ஜூலையோடு நிறுத்திவிட்டது.

ஆகவே நாடாவை ஒருமுறையேனும் இலக்கமாக மாற்றிவிடுதல் வேண்டும். அதன்பின் அதனை நூறுமுறை படியெடுத்தாலும் நூறாவது படி முதற்படியோடு ஒத்திருக்கும். இதற்கு வேண்டுவன, இயங்கும் நிலையிலுள்ள ஒரு நாடாக் கருவி, மூன்று தலை வடம், அவ்வடத்தை வாங்கிக் கணினியின் யுஎஸ்பி துளைக்கு எண்ணாக மாற்றித் தரும் சிறு கருவி ஆகிய மூன்றே. மென்பொருளில் முறையைப் பால் என்று அமைத்தல் வேண்டும். அமெரிக்க முறையில் விட்டுவிட்டால் படம் நிறமிழந்தோ உருண்டோ தோன்றும். இங்கே வடம் குட்டையாகவும், தடித்த உறையுடையதாகவும், மின்கம்பிகளை விட்டு விலகியும் இருத்தல் நன்று. ஒப்புமுறையில் வடத்தின் தரம் படத்தில் தெரியும். எச்டிஎம்ஐக்குச் செய்யவேண்டாத செலவில் சிறிது இதற்குச் செய்யலாம். எழுதிமுடிந்த கோப்பை இரு வெவ்வேறு வட்டுகளில், இரு வெவ்வேறு இடங்களில் வைப்பது பாதுகாப்பு.

நாடாவைக் கருவியில் இடுமுன், அதன் சாளரத்தின் வழியே சுருளின் ஓரத்தைப் பார்த்தல் வேண்டும். வெண்ணிறப் பூசணம் படர்ந்திருந்தால் அதனை இயக்கக்கூடாது. பூசணம் கருவியின் படிப்புத்தலையில் ஒட்டி, அடுத்து இடப்படும் நல்ல நாடாவையும் பற்றிக்கொள்ளும். அத்தகைய நாடாக்களைத் தனியே எடுத்துவைத்து, தூய்மை செய்யத் தெரிந்தவரிடம் கொடுத்தபின்னரே இயக்குதல் தக்கது.